கொலிமா: மேற்கு பார்த்த வீடு

மெக்சிகோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். 1519இல் எர்னான் கொர்த்தேஸ் வெராகுரூஸ் கரையில் இறங்கினான், ஆஸ்டெக் அரசு விழுந்தது, கோதுமையும் குதிரையும் பாதிரிமாரும் பின்னாலேயே வந்தார்கள் என்று கதை அட்லாண்டிக் பக்கமாகவே ஓடும். அதில் பொய்யில்லை. ஆனால் வேலை நிமித்தம் நான் குடியிருக்கும் குவாதலஹாராவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் காரில் போனால் ஒரு குட்டி மாநிலம் வருகிறது. அங்கே போய் நின்றால் அந்தக் கதைக்கு இன்னொரு வாசலும் உண்டு என்று தெரியும். தென்னை, கள், அதைக் காய்ச்சி வடிக்கும் வித்தை, ஊரே கொண்டாடும் ஒரு புனிதர், இன்றைக்கு இரவும் பகலும் வந்திறங்கும் சரக்குப் பெட்டிகள் எல்லாமே அங்கே பசிபிக்கைத் தாண்டி ஆசியப் பக்கத்தோடு சம்பந்தப்பட்டவை. மாநிலத்தின் பெயர் கொலிமா.

பரப்பு 5,600 சதுர கிலோமீட்டர் சொச்சம். 2020 கணக்கெடுப்பின்படி 7,31,391 பேர். மெக்சிகோவில் இதைவிடக் குறைந்த மக்கள் வாழும் மாநிலம் கிடையாது. மொத்தமே பத்து நகராட்சிகள். ஒரு பக்கம் ஹலிஸ்கோ, இன்னொரு பக்கம் மிச்சோகான், மீதிப் பக்கம் கடல். என் அலுவலகத்தில் கொலிமாக்காரர் ஒருவர் உண்டு. ஊர் எது என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு உடனே "ஆமாம், சின்னதுதான்" என்பதையும் தானாகவே சேர்த்துக்கொள்வார்.

சின்னதுதான், ஆனால் சரிவு பெரிது. வடக்கு எல்லையில் இரண்டு மலைகள் ஒட்டி நிற்கின்றன. உயரமானது நெவாதோ, சுமார் 4,260 மீட்டர். குளிர்காலத்தில் உச்சியில் பனி விழும். பெயரில் கொலிமா இருந்தாலும் அது நிற்பது ஹலிஸ்கோ மண்ணில். பக்கத்திலேயே புகைந்துகொண்டிருப்பது கொலிமா எரிமலை, ஏறத்தாழ 3,800 மீட்டர். மாநில எல்லை அதன் மேலேயே போகிறது. ஆக, பனி ஹலிஸ்கோவுக்கு, நெருப்பு இருவருக்கும் பொது. அந்த உச்சியிலிருந்து கடற்கரைவரை நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட வராது. அந்தத் தூரத்துக்குள் காட்டு மரங்கள், காப்பித் தோட்டம், கரும்பு, அப்புறம் எலுமிச்சையும் தென்னையும், கடைசியில் உப்பளம் என்று எல்லாம் அடுக்கடுக்காக வந்துவிடுகிறது. காலையில் மலையடிவாரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காப்பி குடித்தவன் மதியச் சாப்பாட்டுக்கு முன் கடற்கரையில் வியர்த்து வழியலாம்.

முதலில் கள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பது அதுதான்.

கொலிமா நகரின் நடுவில் ஹார்தின் லிபெர்தாத் என்று ஒரு சதுக்கம். சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், ஒரு பக்கம் தேவாலயம், நடுவில் இசைமேடை. வெயில் ஏறும் நேரத்தில் அங்கே தூபேரோ, அதாவது தூபா விற்பவர், வருவார். தோளில் பெரிய சுரைக்குடுக்கை. அதன் வாயை மக்காச்சோளத் தக்கையால் அடைத்திருப்பார். 'தூபா' வேண்டும் என்றால் கோப்பையில் ஊற்றி, மேலே ஒரு கை வேர்க்கடலை போட்டுக் கொடுப்பார். ஒன்று வெள்ளை, இன்னொன்று பழத்துண்டுகள் சேர்த்த இளஞ்சிவப்பு. வெள்ளையை வாங்கிக் குடித்தேன். நாக்குக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. தென்னங்கள்! இன்னும் சரியாகச் சொன்னால், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் காலையில் இறக்கி, புளிப்பு லேசாகத் தொட்டிருக்கும் பதம். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கும் மாநிலத்திலிருந்து வந்தவன், பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்தேன். அங்கே அது சிறுவர் பானம். தாத்தா பேரனுக்கு வாங்கித் தருகிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை.

தென்னை அமெரிக்கக் கண்டத்தின் இந்தக் கரையில் எப்படி வந்தது? 1565இல் ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பி வரும் கடல்வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியைக் கண்டுபிடித்த கப்பல் படை கிளம்பியது 1564 நவம்பரில், நவிதாத் என்ற துறையிலிருந்து. அது இன்றைய கொலிமா எல்லைக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பிறகு 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், மணிலாவுக்கும் ஆகாபுல்கோவுக்கும் இடையே கலியன் கப்பல்கள் ஓடின. சீனப் பட்டும் பீங்கானும் இந்தப் பக்கம், மெக்சிகோ வெள்ளி அந்தப் பக்கம். கப்பலில் கயிறு இழுத்தவர்கள், பாய் கட்டியவர்கள் பலரும் பிலிப்பைன்ஸ் தீவுவாசிகள். மாதக்கணக்கில் கடலில் வதைபட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப் போக மனமில்லை. கரையில் இறங்கியதும் பலர் ஓடிப்போனார்கள். எங்கே போனார்கள் என்றால், தென்னை நட்டால் பிடிக்கும், வேலை கிடைக்கும் என்றிருந்த கொலிமாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும். பாளை சீவத் தெரிந்த கைகள் அவர்களுடையவை.

1619இல் செபாஸ்தியான் தெ பினேதா என்ற கப்பல் தலைவர் ஸ்பானிய அரசருக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். முந்தைய ஆண்டு ஒரு கப்பலில் வந்த 75 பிலிப்பைன்ஸ் மாலுமிகளில் ஐந்து பேருக்குமேல் திரும்பவில்லை என்று அதில் புலம்புகிறார். அவர்கள் எல்லாம் கரையில் கள் இறக்கி, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்கிறார்கள். உள்ளூர்ப் பழங்குடிகள் அதற்குப் பழகிவிட்டதால் காஸ்திய திராட்சை மதுவை ஒருவரும் சீந்துவதில்லை. இதை இப்படியே விட்டால் ஸ்பெயினின் மது வியாபாரம் படுத்துவிடும் என்கிறார். அவர் சொன்ன மருந்து, அத்தனை பேரையும் பிடித்துத் திருப்பி அனுப்பு, தோப்புகளையும் வடிகலங்களையும் கொளுத்து என்பது. தென்னைகளை வெட்டச் சொல்லும் ஆணைகள் அந்த மனுவுக்குச் சில ஆண்டுகள் முன்னமே வந்திருந்தன. அரசாங்கம் ஒன்று மரமேறியின் மீது பாய்ந்தால் பின்னால் வேறொரு சாராய வியாபாரி நிற்பான் என்பது நமக்குப் புதிதில்லை.

மரங்கள் பிழைத்துவிட்டன. கொலிமாவின் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர் யாரும் அந்த ஆணை ஜெயித்தது என்று சொல்ல மாட்டார். ஆனால் 'தேங்காய் ஒயின்' என்று அவர்கள் அழைத்த அந்தச் சாராயம் காலப்போக்கில் மறைந்துபோனது. மிஞ்சியது இனிப்பான தூபா. சாராயம் போனாலும் அதை வடித்த பானை போகவில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. குடைந்த மரத்தண்டு, அதன் மேல் குளிர்ந்த நீர் நிரப்பிய உலோகச் சட்டி, உள்ளே ஆவி படிந்து ஒரு குழாய் வழியாகச் சொட்டும் எளிய அமைப்பு. கொலிமாவிலும் தெற்கு ஹலிஸ்கோவிலும் கற்றாழைச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் சிலர் இன்றும் இதே வடிவைத்தான் வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தென்னைத் தொழிலாளியின் கலம்தான் மெஸ்கல் என்ற கற்றாழைச் சாராயத்துக்கும் அதன் வழியில் தெக்கீலாவுக்கும் வழிகாட்டியது என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு தரப்பு சொல்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்னமே இங்கே வடிக்கத் தெரியும் என்று இன்னொரு தரப்பு மறுக்கிறது. எனக்கு முதல் தரப்புமேல் ஒரு சாய்வு உண்டு. அது ஆதாரத்தால் வந்ததா, நாலு கோப்பை தூபாவால் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இதோடு ஒட்டி ஒரு சேதி. தென்னையின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் உலகத் தென்னைகளை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவுத் தென்னைகள் ஒரு குடும்பம். தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் இன்னொன்று. நம் பக்கத்துத் தென்னையைப் போர்த்துக்கீசியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது கரீபியக் கரைகளில் ஏறியது. மெக்சிகோவின் பசிபிக் கரைத் தென்னையோ பிலிப்பைன்ஸ் வழி. ஒரே நாட்டின் இரண்டு கரைகளில் இரண்டு வம்சத் தென்னைகள். கொலிமாவில் நான் உறவு கொண்டாடிய மரம் நமக்குச் சற்றுத் தூரத்துச் சொந்தம்தான்.

தூபா மிஞ்சிப்போனால் புளித்துக் காடியாகும். அந்தக் காடியில்தான் கொலிமாவின் பெருமைக்குரிய தாத்தெமாதோ ஊறுகிறது. பன்றிக்கறியை, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி, மசாலாவோடு தென்னங்காடியில் ஊறப்போட்டு மண்சட்டியில் வைத்து நிதானமாக வேகவிடுவார்கள். கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் இது இல்லாமல் பந்தி கிடையாது. சாப்பிட்டுப் பார்த்தபோது மெக்சிகோ சமையல் என்று நான் பழகிவைத்திருந்த எதோடும் அது ஒட்டவில்லை. புளிப்பும் இஞ்சியும் வேறு ஏதோ கடலைச் சொன்னது. சைவர்களுக்கும் அங்கே வழியிருக்கிறது. பாத்தே என்று ஒரு பானம்: சான் என்ற விதையை வறுத்து அரைத்துத் தண்ணீரில் கரைத்து, மேலே வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். பார்க்கச் சேற்றுத் தண்ணீர்தான், குடித்தால் வயிறு குளிரும். தேங்காய் மிட்டாய் தெருவுக்குத் தெரு. புளியந்தோப்புகள்கூட உண்டு. மெக்சிகோவில் புளி அதிகம் விளையும் மாநிலங்களில் கொலிமாவும் ஒன்று. ஆனால் ரசம் வைக்கத் தெரியாத ஜனங்கள், அத்தனையையும் சர்க்கரை சேர்த்துச் சாறாகவும் மிட்டாயாகவும் தீர்த்துவிடுகிறார்கள்.

கடலோரச் சமவெளியில் தெக்கோமான் என்ற ஊர். 'உலக எலுமிச்சைத் தலைநகர்' என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட ஊர். நுழைவாயிலில் செபாஸ்தியான் என்ற சிற்பி செய்த மாபெரும் எலுமிச்சை மரம் ஒன்று உலோகத்தில் நிற்கிறது. அழகு என்று சொல்ல மாட்டேன், மறக்கவும் முடியாது. இங்கே விளைவது நாம் ஊறுகாய் போடும் அதே சின்ன, விதையுள்ள எலுமிச்சை. தென்னைபோல இது பசிபிக்கைத் தாண்டி வரவில்லை. ஆசியாவிலிருந்து அரபிகள் கையில் மேற்கே போய், ஸ்பெயினில் தங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது. உலகத்தை இரு பக்கமும் சுற்றி வந்த இரண்டு மரங்கள் தெக்கோமான் தோப்புகளில் ஊடுபயிராகச் சேர்ந்து நிற்கின்றன. மேலே தென்னை, கீழே எலுமிச்சை.

2010இல் அந்தத் தோப்புகளில் ஒரு நோய் தென்பட்டது. சீனத்தில் ஹுவாங்லோங்பிங் என்பார்கள், மஞ்சள் தளிர் நோய். சில்லிட் என்ற கடுகளவுப் பூச்சி சாறு உறிஞ்சும்போது ஒரு பாக்டீரியாவைப் பரப்புகிறது. இலை திட்டுத்திட்டாக வெளுக்கும், காய் சிறுக்கும், மரம் மெல்லச் சாகும். மருந்து கிடையாது, பூச்சியைக் கட்டுப்படுத்தி, மரத்துக்கு ஊட்டம் கொடுத்து, நாளைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். கொலிமாவின் எலுமிச்சைப் பரப்பு சுருங்கியது. முதலிடம் பக்கத்து மிச்சோகானுக்குப் போனது. 2022 தொடக்கத்தில் மெக்சிகோ முழுக்க எலுமிச்சை விலை உச்சிக்கு ஏறி, டாக்கோ கடைகளில் தட்டோடு வரும் எலுமிச்சைத் துண்டு காணாமல் போனபோதுதான் நகரத்துக்காரர்களுக்கு எலுமிச்சை எங்கிருந்தோ வருகிறது என்பதே உறைத்தது. தெக்கோமானில் சிலை மட்டும் வாடாமல் நிற்கிறது.

இனி மன்சானியோ. கொலிமாவின் பொருளாதாரம் என்று பத்திரிகைகள் எழுதும்போது எழுதுவது இந்தத் துறைமுகத்தைத்தான். மெக்சிகோவிலேயே அதிகமாகச் சரக்குப் பெட்டிகளைக் கையாளும் துறைமுகம். இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 35 லட்சத்துக்கும் மேல். அதாவது மாநிலத்தின் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு ஐந்து பெட்டி. சீனா, கொரியா, ஜப்பானிலிருந்து வருபவை இங்கே இறங்கி, ரயிலிலும் லாரியிலும் குவாதலஹாராவுக்கும் நடு மெக்சிகோவுக்கும் ஏறிப் போகின்றன. என் ஊரின் மின்னணுத் தொழிற்சாலைகள் மூச்சு விடுவது இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான். 1889இல் மன்சானியோவையும் கொலிமா நகரையும் ரயில் இணைத்தது. மலையைக் குடைந்து குவாதலஹாரா வரை பாதை போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. இன்றைய பெட்டிகளும் ஏறுவது ஏறத்தாழ அதே மலைப்பாதையைத்தான்.

இவ்வளவு சரக்கு போகிறதே, ஊருக்கு என்ன தங்குகிறது? சுங்கப் பணம் மெக்சிகோ நகரத்துக்குப் போகிறது. ஊருக்கு லாரி வரிசை தங்குகிறது. வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது மன்சானியோவில் ஓர் அனுபவம். துறைமுகத்தில் வேலை உண்டுதான், கூலியும் மோசமில்லை. ஆனால் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரிய உற்பத்தித் தொழில் வளரவில்லை என்ற குறை அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. விதிவிலக்கு என்றால் இரும்பு. உள்நாட்டு மலையில் மினதித்லான் அருகே பென்யா கொலொராதா என்ற பெரிய இரும்புச் சுரங்கம். தாதுவைப் பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, குழாய் வழியே மலையிறக்கி மன்சானியோவில் உருண்டைகளாக்குகிறார்கள். அதே மினதித்லானை 1959 அக்டோபர் சூறாவளி சேற்றில் புதைத்தது. அந்தப் புயலில் இந்தக் கரையில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

கலியன் காலத்தில் வந்தவை இறங்கின, வேர்விட்டன, சட்டியிலும் கோப்பையிலும் கலந்தன. இப்போது வருபவை பூட்டிய பெட்டிக்குள் வந்து பூட்டியபடியே கடந்துபோகின்றன. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கொலிமாவின் இன்றைய தலைவலி. 2007இல் மன்சானியோவில் ஒரே கப்பலில் 23 டன்னுக்கும் மேல் கொக்கெய்ன் பிடிபட்டது. பின்னாளில் ஆசியாவிலிருந்து வரும் ரசாயனங்கள் முக்கியமாயின. மெத், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்களைக் காய்ச்ச வேண்டிய மூலப்பொருள்கள். துறைமுகம் யார் கையில் என்று கும்பல்கள் அடித்துக்கொள்ள, 2016க்குப் பிறகு பல ஆண்டுகள், மக்கள்தொகை விகிதப்படி மெக்சிகோவிலேயே அதிகக் கொலைகள் நடக்கும் மாநிலம் என்ற பெயர் கொலிமாவுக்கு வந்துவிட்டது. மெக்சிகோவின் முதல் பெண் ஆளுநர் கிரிசெல்தா ஆல்வரெஸ் 1979இல் பதவியேற்ற, அமைதியான பூங்கா நகரம் என்று பேர் வாங்கிய அதே மாநிலம்தான். துறைமுக நிர்வாகம் இப்போது கடற்படையிடம். அலுவலக நண்பர் எனக்குச் சொன்ன விதி எளிது: "இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடு. யாரையும் உற்றுப் பார்க்காதே. மற்றபடி நன்றாகச் சாப்பிடு." அவருடைய அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். சந்தைக்கு நடந்துதான் போகிறார்.

கொமாலாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இலக்கியம் படிப்பவர்கள் விடமாட்டார்கள். 1955இல் ஹுவான் ருல்ஃபோ தன் நாவலில் இறந்தவர்கள் முணுமுணுக்கும் வறண்ட ஊர் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நிஜக் கொமாலா எரிமலையடியில் பச்சைப்பசேலென்று, வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் திணறுகிறது. தாழ்வாரத்துக் கடைகளில் குடிக்க ஏதாவது வாங்கினால் தின்பண்டம் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அடுத்த கோப்பைக்கு அடுத்த தட்டு. மாரியாச்சி கோஷ்டிகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டு பாடுவார்கள். பேய்க்கு அங்கே உட்கார இடம் கிடைக்காது.

இறந்தவர்களைத் தேடினால் மண்ணுக்குள் பார்க்க வேண்டும். கொலிமாவிலும் அண்டைப் பகுதிகளிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள், செங்குத்தாகக் கிணறுபோல் வெட்டி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து பிணங்களைப் புதைத்தார்கள். கூடவே சுட்ட மண் பொம்மைகள். அதில் உலகப் புகழ்பெற்றவை நாய்கள். கொழுகொழுவென்று குட்டைக் கால்களோடு, மெருகேற்றிய செம்மண் நிறத்தில், தொட்டால் வாலாட்டும் என்று தோன்றும். இறந்தவரை மறுவுலகத்துக்குக் கூட்டிப்போகும் துணை என்று விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நாயைக் கொழுக்கவைத்துச் சாப்பிட்டதும் உண்டு, ஆகவே வழித்துணையா கட்டுச்சோறா என்ற சந்தேகம் எனக்கு. புதையல் திருடர்கள் கல்லறைகளைத் தோண்டித் தோண்டி விற்றுவிட்டதால் கொலிமா நாய்கள் இன்று உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன; எந்தக் குழியில், யார் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் பலவற்றுக்குக் கிடையாது.

நிலம் ஆடுவது அங்கே பருவகாலம் மாதிரி பேசப்படும் விஷயம். எரிமலை 1913இல் பெரிதாக வெடித்து உச்சியையே இழந்தது. 2015 ஜூலையில் மறுபடி பொங்கியபோது கொமாலா வீதிகளில் சாம்பல் படிந்தது. எரிமலையை ஒட்டிய லா யெர்பாபுவேனா என்ற சிற்றூரை அரசு இடம் மாற்றப் பார்த்தபோது சில குடும்பங்கள் கிளம்பவே மறுத்துவிட்டன. நிலநடுக்கப் பட்டியலோ நீளம்: 1932, 1941, 1995, 2003, 2022. நண்பர் 2003 ஜனவரியைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும்.

இந்த நெருப்புக்கும் நடுக்கத்துக்கும் காவலாக ஊர் பிடித்துக்கொண்ட புனிதர் சான் ஃபெலிப்பே தெ ஹேசுஸ். மெக்சிகோவில் பிறந்து மணிலாவில் பிரான்சிஸ்கன் துறவியானவர். குருப்பட்டம் பெற ஊர் திரும்பும்போது அவர் ஏறிய கலியனைப் புயல் ஜப்பான் கரையில் ஒதுக்கிவிட்டது. 1597இல் நாகசாகியில் மற்றத் துறவிகளோடு சிலுவையில் ஏற்றிக் கொன்றார்கள். கொலிமாவுக்கு எரிமலைக் காவலர் கிடைத்ததும் அந்த மணிலாக் கப்பலால்தான்.

பிப்ரவரியில் அவர் பெயரால் கொலிமா நகரை ஒட்டிய வியா தெ ஆல்வரெஸில் திருவிழா. காளை விளையாட்டு எனக்குப் பிடிக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்காகக் கட்டும் அரங்கத்தைப் பார்க்கவே நான் போவேன். லா பெத்ததேரா என்று பெயர். சுமார் ஐயாயிரம் பேர் உட்காரும் வட்ட அரங்கத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுப்பி, விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கம்பு, பலகை, கற்றாழை நார்க்கயிறு, கோரைப்பாய், இவ்வளவுதான் சாமான். கட்டு எல்லாம் கயிற்றுக் கட்டு. அரங்கத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரைப் பாத்தியதை. தங்கள் துண்டை அவர்களே கட்டுவார்கள், அதற்கான டிக்கெட்டையும் அவர்களே விற்பார்கள். வரைபடம் எதுவும் கிடையாது, அளவெல்லாம் பழக்கத்தில்தான். கட்டும் நாள்களில் போய் நின்றால் ஒரு பெரியவர் முடிச்சு போடுவார், பையன் இழுத்துப் பார்ப்பான், சரியில்லை என்றால் அவிழ்த்து மறுபடி. நிலம் ஆடும் ஊரில் சிமெண்டைவிட இது புத்திசாலித்தனம். கயிற்றுக்கட்டு ஆட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். விழா நாளில் காகிதக்கூழும் துணியும் கொண்டு செய்த ராட்சசப் பொம்மைகளும் குதிரைகளும் கொலிமா நகரிலிருந்து ஊர்வலமாக வரும். போன முறை அந்தப் பொம்மை முகங்களில் பாதி இன்றைய அரசியல்வாதிகள்.

ரெவியாகிஹேதோ தீவுகளைப் பற்றி இரண்டு வரி. மன்சானியோவிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நிற்கும் எரிமலைத் தீவுகள். 1861இல் சிறைச்சாலை வைக்கச் சொல்லி அன்றைய அதிபர் ஹுவாரெஸின் அரசு கொலிமாவிடம் ஒப்படைத்தது. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல், 2017இல் தேசியப் பூங்கா. பெரிய மாந்தாத் திருக்கைகளோடு நீந்தலாம் என்கிறார்கள். ஆனால் படகுகள் கிளம்புவது பாஹா கலிபோர்னியா முனையிலிருந்து. கொலிமாவில் ஒரு காப்பிகூட விற்காது.

கடைசியாகக் குயுத்லான். கறுப்பு மணல் கடற்கரை, மரவீடுகள், பழைய உப்புக் கிடங்குக்குள் ஓர் உப்பு அருங்காட்சியகம். 1932 ஜூன் 22 அன்று நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை இந்த ஊரைத் துடைத்துப்போட்டது. ஊருக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் காயலின் ஓரத்தில் உப்பளங்கள். காலனிக் காலத்தில் மெக்சிகோ வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தாதுவைப் பிரிக்க உப்பு வேண்டியிருந்தது; கொலிமா உப்பு கழுதை முதுகில் மலையேறிப் போனது. அந்த வெள்ளிதான் மணிலாவுக்குக் கப்பலேறியது. அந்தக் காலத்தில் உவர்மண்ணைக் குவித்து, மரச்சட்டத்தில் காயல்நீர் ஊற்றிக் கரைத்து, அந்த உப்புக்கரைசலைப் பாத்தியில் காயவைப்பார்கள். இப்போது பாத்தியில் பிளாஸ்டிக் விரிப்பு.

அதே காயலின் மறு முனையில் மன்சானியோவின் அனல்மின் நிலையமும் எரிவாயு முனையமும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. துறைமுகத்தைக் காயலுக்குள் விரித்து, ஆண்டுக்கு ஒரு கோடிப் பெட்டிகள்வரை கையாளும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. லத்தீன் அமெரிக்காவிலேயே பெரிய துறைமுகமாக்குவது லட்சியம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பெட்டிகள் மூன்று மடங்கானால் லாரியும் மூன்று மடங்காகும், கொலிமாவில் தங்குவது அதே அளவுதான் இருக்கும் என்று தோன்றுகிறது. சதுப்புக் காடும் பறவைகளும் என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். சாலையோரம் உப்பு மூட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நானும் இதைக் கேட்டேன். துறைமுகம் வரும்போது பார்க்கலாம், இந்த வருஷம் மழை சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது, அதுதான் கவலை என்றார். முதல் மழையோடு அளம் மூடிவிடும். ஐந்து கிலோ வாங்கினேன். போக நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். ஜூன் பாதிக்குமேல் பாத்தியில் தண்ணீர்தான் இருக்கும்.